கடவுளுக்குக் காவற்காரர்கள்

சூரியன் கிழக்கே உதிக்கிறது என்பதற்கு எந்த ஊரிலும் காவல் போட்டிருப்பதாக நாம் கேள்விப்பட்டதில்லை. இரண்டும் இரண்டும் நான்கு என்பதை ஒருவன் மறுத்தால் அவனைக் கூண்டிலேற்றி விசாரிக்க ஒரு கோர்ட்டும் இல்லை. மறுப்பவனைப் பார்த்துச் சிரித்துவிட்டு அவரவர் வேலைக்குப் போய்விடுகிறோம். அவன் மறுப்பதனால் எந்தக் கடைக்காரனுடைய கணக்கும் தவறிப் போவதில்லை. ஆனால் சர்வ வல்லமையும் சர்வ ஞானமும் உடையவர் என்று சொல்லப்படுகின்ற கடவுளைப் பற்றிய சங்கதிக்கு மாத்திரம் சக்கரவர்த்தியும், பட்டாளமும், சிறைச்சாலையும், விறகுக் கட்டையும், தீப்பந்தமும் பல நூறு வருஷங்களாகக் காவல் இருந்து வந்திருக்கின்றன. இது ஏன் என்பதுதான் நாம் இன்று கேட்கப் புகுந்த கேள்வி.

கிறிஸ்தவ சபையார் தங்கள் கோட்பாட்டுக்கு மாறான கருத்தைப் பேதகம் என்றும், தப்பறை என்றும், அப்படிக் கருதுகிறவனைப் பதிதன் என்றும் தமிழில் எழுதி வைத்திருக்கிறார்கள். வீரமாமுனிவர் என்று தமிழர்கள் கொண்டாடுகின்ற பெஸ்கிப் பாதிரியார், தரங்கம்பாடி லுத்தரன் பாதிரிகளைக் கண்டிப்பதற்கென்றே “பேதகமறுத்தல்” என்று ஒரு நூல் செய்தார். அந்த லுத்தரன் பாதிரிகளோ, போப்பின் கூட்டத்தார்தான் வேதத்தைக் கெடுத்தவர்கள் என்றார்கள். இரு தரத்தாருக்கும் கிறிஸ்து ஒருவரே. ஆனால் ஒருவருக்கொருவர் பதிதர். ஆகவே, யார் பதிதன் என்பது யார் பேசுகிறார் என்பதைப் பொறுத்த விஷயமாக இருக்கின்றதே ஒழிய, கடவுளைப் பொறுத்த விஷயமாகக் காணவில்லை.

இந்தப் பேதகம் என்பதற்கு ஐரோப்பிய பாஷைகளில் வழங்கும் சொல்லின் மூலம் “ஹைரெசிஸ்” என்னும் கிரேக்கச் சொல்லாகும். அதன் பொருள் என்ன தெரியுமா? தேர்ந்தெடுத்தல் என்பதுதான். ஒரு மனிதன் தன் புத்தியைக் கொண்டு, இது எனக்குச் சரியென்று படுகிறது, அது படவில்லை என்று தேர்ந்துகொள்வதற்கு வைத்த பெயரையே குற்றத்தின் பெயராக மாற்றிவிட்டார்கள். சொல்லின் சரித்திரத்திலேயே சங்கதி முழுவதும் அடங்கியிருக்கின்றது.

கடவுள் ஒருவரா, மூவரா, மூவர் சேர்ந்த ஒருவரா என்ற வழக்கில் தீர்ப்புச் சொல்ல நாம் வரவில்லை. அந்த வழக்கில் நமக்கு வாதியும் இல்லை, பிரதிவாதியும் இல்லை. கோட்பாட்டைக் காப்பாற்றுகிறோம் என்று கிளம்பியவர்கள் உண்மையில் எதைக் காப்பாற்றினார்கள் என்பதை மாத்திரம் சரித்திரத்தைக் கொண்டு பார்ப்போம்.

முதலாவது, கிறிஸ்தவத்தின் மூலாதாரமான கோட்பாடு எப்படி நிச்சயிக்கப்பட்டது என்று பாருங்கள். எகிப்து தேசத்து அலெக்சாந்திரியா நகரத்தில் ஆரியுஸ் என்று ஒரு குரு இருந்தார். (பெயரைப் பார்த்து நம் ஊர் ஆரியரோடு இவரைச் சேர்த்துவிட வேண்டாம்.) தந்தைக்குப் பிறகுதானே மகன், ஆகவே குமாரன் பிதாவினால் உண்டாக்கப்பட்டவர், பிதாவுக்குச் சமமானவர் அல்லர் என்று அவர் சொன்னார். இதனால் பெரிய சண்டை கிளம்பிற்று. அப்போது ரோமாபுரிச் சக்கரவர்த்தியாக இருந்த கான்ஸ்டன்டைன், இது அற்ப விஷயம், இதற்காகச் சண்டை போடாதீர்கள் என்றுதான் முதலில் இரு கட்சிக்கும் கடிதம் எழுதினார். சண்டை அடங்காமற் போகவே, 325ல் நைசியா என்னும் ஊரில் பிஷப்புமார்களையெல்லாம் கூட்டினார். குமாரனும் பிதாவும் ஒரே வஸ்து என்று அங்கே முடிவாயிற்று. கையெழுத்துப் போட மறுத்த பிஷப்புகள் இரண்டு பேரும், ஆரியுஸும் நாடு கடத்தப்பட்டார்கள். ஆரியுஸின் புத்தகத்தை ஒளித்து வைத்திருப்பவனுக்கு மரண தண்டனை என்று சக்கரவர்த்தியின் உத்தரவும் பிறந்தது. இவ்வளவும் நடந்தபோது அந்தச் சக்கரவர்த்தி ஞானஸ்நானம்கூடப் பெற்றவர் அல்லர்!

இதோடு உண்மை நிலைத்துவிட்டதா என்றால் அதுவும் இல்லை. சில வருஷங்களில் சக்கரவர்த்தியின் மனம் மாறிற்று. ஆரியுஸ் திரும்ப அழைக்கப்பட்டார். ஆரியுஸை எதிர்த்துப் போராடிய அத்தனாசியுஸ் 335ல் நாடு கடத்தப்பட்டார். கான்ஸ்டன்டைன் 337ல் மரணப்படுக்கையில் ஞானஸ்நானம் பெற்றதும் ஆரியுஸ் கட்சியைச் சேர்ந்த பிஷப்பின் கையால்தான். அவருடைய மகன் கான்ஸ்டன்டியஸ் காலத்தில், 359ல் கூடிய சபைகளில் “ஒரே வஸ்து” என்ற சொல்லையே எடுத்துவிட்டார்கள். பிறகு தியோடோசியஸ் பட்டத்துக்கு வந்து, 380ல் ஒரு சட்டம் போட்டு, 381ல் மறுபடியும் ஒரு சபையைக் கூட்டி, நைசியா முடிவே சரியென்று நிறுத்தினார். இடையில் “ஒரே வஸ்து” என்பதற்கும் “ஒத்த வஸ்து” என்பதற்கும் நடந்த தகராறில், கிரேக்க பாஷையில் இரண்டு சொற்களுக்கும் இருந்த வித்தியாசம் ஓர் எழுத்து! நம் பாஷையில் ஒரு கொம்பு கூடிற்றா குறைந்ததா என்பது போன்ற வித்தியாசத்துக்காகப் பிஷப்புகள் ஊர் ஊராக ஓட்டப்பட்டார்கள்.

இதில் நாம் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. கடவுளின் தன்மை 325ல் ஒரு மாதிரியாகவும், 359ல் வேறு மாதிரியாகவும், 381ல் பழைய மாதிரியாகவும் இருந்திருக்க முடியாது. மாறியது சிம்மாசனம். சிம்மாசனத்தில் இருந்தவன் எந்தக் கட்சியோ அந்தக் கட்சி சத்தியம், மற்றது பேதகம். தியோடோசியஸ் கட்சிக்குப் பதிலாகக் கான்ஸ்டன்டியஸ் கட்சி நிலைத்திருந்தால், இன்றைக்குக் கோயிலில் சொல்லப்படுகிற விசுவாசப் பிரமாணமே வேறாக இருந்திருக்கும். அதை மறுப்பவனையும் இதே பாதிரிகள் பதிதன் என்றே சொல்லியிருப்பார்கள்.

நிற்க. இது பழைய ரோமாபுரிக் கதை, அறிவு வளர்ந்த பிறகு இப்படி நடக்கவில்லை என்று சிலர் சொல்லக்கூடும். ஆகவே 1553க்கு வருவோம்.

மைக்கேல் செர்வீட்டஸ் என்பவர் ஸ்பெயின் தேசத்தில் பிறந்தவர்; பெரிய படிப்பாளி; வைத்தியர். பைபிளை மூல பாஷையில் படித்துப் பார்த்து, அதில் திரித்துவம் என்ற சங்கதி எங்கேயும் இல்லையே என்று 1531லேயே, இருபது வயதை ஒட்டிய வாலிபராக இருக்கும்போதே, புத்தகம் எழுதியவர். அறியாத குழந்தைக்கு ஞானஸ்நானம் கொடுப்பது செல்லாது என்றும் பிற்பாடு எழுதினார். இதனால் உயிருக்கு ஆபத்து வரவே பெயரை மாற்றிக்கொண்டு, பிரான்ஸ் தேசத்து வியென் நகரத்தில் வைத்தியம் பார்த்து வந்தார். அந்த ஊர் ஆர்ச்பிஷப்புக்கே அவர்தான் வைத்தியர். ஒருவருடைய கையைப் பிடித்து நாடி பார்க்கும்போது அந்தக் கை பதிதனுடைய கை என்று ஆர்ச்பிஷப்புக்குத் தெரியவில்லை, கடவுளும் சொல்லவில்லை!

1553ன் தொடக்கத்தில் செர்வீட்டஸ் தமது பெரிய நூலை ரகசியமாக அச்சிட்டார். ஜெனிவா நகரத்தில் அப்போது புரோட்டஸ்டண்டு மதத்தின் தலைவராக இருந்தவர் கால்வின். இவர் செர்வீட்டஸோடு முன்பே கடிதப் போக்குவரத்து உள்ளவர்; அந்த மனிதன் ஜெனிவாவுக்கு வந்தால் உயிரோடு திரும்ப விடமாட்டேன் என்று 1546லேயே தம் நண்பருக்கு எழுதியவர். கால்வினைச் சேர்ந்த ஒருவர் மூலமாக, செர்வீட்டஸ் கால்வினுக்கு எழுதிய கடிதங்களே கத்தோலிக்க விசாரணைக்காரர்கள் கைக்குப் போய்ச் சேர்ந்தன. வாசகர்கள் இதை நன்றாகக் கவனிக்க வேண்டுகிறோம். போப்பை அந்திக்கிறிஸ்து என்று சொல்லிய கூட்டத்திலிருந்து, போப்பின் ஆட்களுக்குச் சாட்சிக் காகிதம் போயிற்று. ஒருவனைச் சிந்திக்காமல் தடுக்க வேண்டும் என்றால் இரண்டு எதிரிகளும் எவ்வளவு சீக்கிரத்தில் பங்காளிகளாகிவிடுகிறார்கள்!

செர்வீட்டஸ் பிடிபட்டார்; சிறையிலிருந்து தப்பி ஓடினார். ஆள் அகப்படாமற் போகவே கத்தோலிக்கர்கள் ஜூன் மாதத்தில் அவருடைய உருவத்தைச் செய்து, புத்தகங்களோடு கொளுத்தினார்கள். அவர் ஜெனிவா வழியாகப் போகும்போது ஆகஸ்ட் 13ந் தேதி அங்கே கண்டுபிடிக்கப்பட்டார். கால்வின் தரப்பில் குற்றச்சாட்டுகள் தயாராயின. ஸூரிச், பெர்ன், பாசல், ஷாப்ஹௌஸன் ஆகிய நான்கு ஊர்ச் சபைகளையும் யோசனை கேட்டார்கள். நான்கும் அவரைக் கண்டித்தே பதில் எழுதின. 1553 அக்டோபர் 27ந் தேதி சாம்பெல் மேட்டில் அவரை உயிரோடு எரித்தார்கள். கால்வின் இரக்கம் காட்டாதவர் என்று யாரும் சொல்லிவிடக்கூடாது. எரிக்க வேண்டாம், தலையை வெட்டினால் போதும் என்று அவர் கேட்டார்! நகர சபையார் அதை ஒப்புக்கொள்ளவில்லை.

எரியும்போது அவர் கடைசியாகச் சொன்ன வார்த்தை சரித்திரத்தில் நிற்கிறது. “நித்தியமான தேவனின் குமாரனாகிய இயேசுவே, என்மேல் இரங்கும்” என்றார். கூடப் போன பாதிரி ஃபாரல் என்பவர் கேட்டதெல்லாம், “தேவனின் நித்தியமான குமாரனே” என்று சொல் என்பதுதான். “நித்தியமான” என்ற ஒரு சொல், முன்னால் நிற்பதா பின்னால் நிற்பதா என்பதே வித்தியாசம். அந்தச் சொல்லை இடம் மாற்றிப் போட அந்த மனிதர் நெருப்பிலும் இசையவில்லை. இரக்கம் வேண்டியது இயேசுவைத்தான். சாகும்போதும் அவர் கிறிஸ்தவர்தான். இலக்கணப் பிழை கண்டுபிடிப்பவனுக்கு வாத்தியார் இரண்டு அடி கொடுப்பதுண்டு. உயிரோடு கொளுத்துவதற்கு மதம் வேண்டியிருக்கிறது.

இந்தக் கால்வின் யார்? பிரான்ஸ் தேசத்தில் பேதகக்காரர் வேட்டை தொடங்கியபோது, 1534ஐ ஒட்டி, உயிர் தப்பினால் போதுமென்று ஓடி வந்தவர். அங்கே ஓடிய பதிதன் இங்கே வந்து நீதிபதிக்கு யோசனை சொன்னார். துரத்தப்பட்டவன் கைக்கு அதிகாரம் வந்ததும் துரத்துகிறவனாவது எதனால்? அவர் கெட்ட மனிதர் என்பதனால் மாத்திரம் அல்ல. “என்னிடம் இருப்பது கடவுளின் உண்மை” என்று நம்புகிறவன் கையில் அதிகாரம் சேர்ந்தால் நடப்பது இதுதான்.

எரித்த புத்தகத்தில் வேறொரு சங்கதியும் இருந்தது. இருதயத்தின் வலப்பக்கத்து இரத்தம் நுரையீரலுக்குப் போய், காற்றோடு கலந்து, இடப்பக்கம் திரும்பி வருகிறது என்பதை ஐரோப்பாவில் முதன்முதலாக அச்சில் சொன்னது அந்தப் புத்தகந்தான். இதையே 13வது நூற்றாண்டில் இபின் அல்-நபீஸ் என்ற அரபு வைத்தியர் எழுதியிருந்தார். அது ஐரோப்பியருக்குத் தெரியாது. திரித்துவத்தைக் காப்பாற்ற மூட்டிய நெருப்பில் வைத்திய சாஸ்திரமும் சேர்ந்து எரிந்தது. அந்தப் பதிப்பில் இன்று உலகத்தில் மூன்று பிரதிகளே மிஞ்சியிருக்கின்றன.

அப்போதே இதைக் கண்டித்த கிறிஸ்தவரும் உண்டு. பாசல் நகரத்தில் ஏழ்மையில் இருந்த செபாஸ்தியன் கஸ்டெல்லியோ என்ற பண்டிதர், பதிதர்களைத் தண்டிப்பது தகாது என்று 1554ல் ஒரு நூலை வெளியிட்டார். கொள்கைக்குப் பதில் கொள்கையால் சொல்ல வேண்டும், வாளால் சொல்லக்கூடாது என்பது அவர் வாதம். கால்வினுக்கு அவர் எழுதிய மறுப்பு அவர் உயிரோடிருக்கையில் அச்சேற முடியவில்லை, 1612ல்தான் வெளிவந்தது. கிறிஸ்தவ சமூகத்தில் அறிவும் இரக்கமும் இல்லை என்று நாம் சொல்லவில்லை. அவற்றின் வாயை அடைத்தவர்கள்தான் கோட்பாட்டுக் காவலர்கள் என்று பெயர் வாங்கினார்கள் என்கிறோம்.

“அதெல்லாம் அந்தக் காலம், 1903ல் கால்வினுடைய வழியில் வந்தவர்களே சாம்பெலில் கல் நாட்டி, நடந்தது தப்பு என்று எழுதி வைத்துவிட்டார்களே” என்று கேட்கலாம். கல் நாட்டினது வாஸ்தவம். ஆனால் அந்தத் தப்பை அவர்கள் அந்த நூற்றாண்டின் தப்பு என்று எழுதினார்கள். நூற்றாண்டு விறகு அடுக்குமா? மேலும், நெருப்பை அணைத்தது சபையா? ஸ்பெயின் தேசத்து வாலென்சியாவில் காயெத்தானோ ரிப்போல் என்ற பள்ளிக்கூடத்து உபாத்தியாயரை மதத்துக்கு மாறான கொள்கை உடையவர் என்று 1826ல் தூக்கிலிட்டார்கள். அப்போது ரயில் வண்டி ஓடத் தொடங்கிவிட்டது! சர்க்கார் வேறு, சபை வேறு என்று ஜனங்கள் போராடிப் பிரித்த பிறகுதான் விறகுக்கட்டை சபையார் கையை விட்டுப் போயிற்று.

“எந்தச் சங்கத்துக்கும் விதி உண்டு, விதியை ஒப்பாதவன் வெளியே போகட்டும் என்பதில் என்ன குற்றம்?” என்பது அடுத்த சமாதானம். கேட்க நியாயமாகத்தான் இருக்கின்றது. ஆனால் சங்கத்தில் சேருகிறவன் விதியைப் படித்து, இசைந்து, கையெழுத்துப் போட்டுச் சேருகிறான். மதத்தில் பச்சைக் குழந்தையைத் தண்ணீர் தெளித்துச் சேர்த்துவிட்டு, அவன் வளர்ந்து ஒரு கேள்வி கேட்டால் விதியை மீறினாய் என்கிறார்கள். செர்வீட்டஸ் செய்த இரண்டாவது குற்றம் இதைக் கண்டித்ததுதானே! சங்கத்திலிருந்து விலக்கினால் சந்தா மிச்சம். சபையிலிருந்து விலக்கினால் கல்யாணம், கல்லறை, உறவு எல்லாவற்றுக்கும் இடைஞ்சல்; போதாததற்கு மேலே நரகம் என்ற பயமுறுத்தல்.

நெருப்பு போன பிறகு காவல் போய்விடவும் இல்லை. ரோமாபுரியில் 1542ல் ஏற்பட்ட விசாரணைக் காரியாலயம் பெயர் மாறி மாறி இன்றும் இருக்கின்றது. நம் பக்கத்து இலங்கையில் திஸ்ஸ பாலசூரிய என்ற கத்தோலிக்கக் குரு, ஏழைகளின் விடுதலையையும் கன்னி மரியாளையும் சேர்த்து 1990ல் ஒரு நூல் எழுதினார். ஜன்மபாவம் முதலிய போதனைகளைப் பற்றி அதில் கேள்வி கேட்டார். இதற்கென்றே தயாரித்த ஒரு விசுவாச அறிக்கையில் கையெழுத்துப் போடும்படி அவரைக் கேட்டார்கள். அவர் அதற்கு இணங்காமற் போகவே, 1997 ஜனவரி 2ந் தேதி, 72 வயதுக் கிழவரைச் சபைக்குப் புறம்பாக்கினார்கள். உலகமெங்கும் கண்டனம் எழும்பி, மறு வருஷம் ஜனவரியில் அந்தத் தண்டனையை எடுத்தார்கள். நைசியாவில் கையெழுத்து, கொழும்பிலும் கையெழுத்து. 1672 வருஷத்தில் காவலரின் வேலை எவ்வளவு மாறியிருக்கிறது என்று வாசகர்களே எண்ணிப் பார்க்கலாம்.

இனி நம்முடைய முக்கியமான கேள்விக்கு வருவோம். ஓர் எழுத்துக்கும், ஒரு சொல்லின் இடத்துக்கும் இவ்வளவு கண்ணுங்கருத்துமாக இருந்தவர்கள், மனிதனை மனிதன் மிதிப்பதைப் பேதகம் என்று கண்டுபிடித்தார்களா?

1452ல் போப் ஐந்தாம் நிக்கோலஸ், கிறிஸ்தவரல்லாதாரைப் பிடித்து நிரந்தர அடிமையாக்கிக்கொள்ளப் போர்த்துகல் ராஜாவுக்கு அனுமதிக் கடிதம் கொடுத்தார். அதைப் பேதகம் என்று எந்தச் சபையும் அவரைக் கூண்டிலேற்றவில்லை. நம் நாட்டில் நொபிலிப் பாதிரியார் மதுரையில் தொடங்கிய வழக்கங்களைப் பற்றி ரோமாபுரி விசாரித்துக்கொண்டே இருந்தது. பூணூல் ஆகுமா, குடுமி ஆகுமா, சந்தனம் ஆகுமா, ஞானஸ்நானத்தில் எச்சில் தொட்டு வைப்பதை விட்டுவிடலாமா என்று 1623 முதல் 1744 வரையில் உத்தரவின்மேல் உத்தரவு வந்தது. ஆதிதிராவிடர் வீட்டுக்குப் போய் நோயாளிக்குக் கடைசிச் சடங்கு செய்ய மற்றக் குருமார் கூசியதற்கு என்ன முடிவு செய்தார்கள் தெரியுமா? அவர்களுக்கென்று தனிக் குருமாரை வைத்துக்கொள்வது என்று முடிந்தது! எச்சிலுக்கு உத்தரவு, தீண்டாமைக்கு ஏற்பாடு.

திருநெல்வேலிச் சீமை வடக்கன்குளத்தில் 1872ல் கட்டிய கோயிலில் சாதிக்கு ஒரு பக்கமாகப் பிரித்துச் சுவர் வைத்தார்கள். காற்சட்டைக்கு இரண்டு கால் இருப்பது போல் கோயிலுக்கு இரண்டு பக்கம். பீடம் மாத்திரம் ஒன்று. 1910ல் ஒரு பாதிரியார் அந்தச் சுவரை இடித்தார். அவரை நாம் மனதாரப் பாராட்டுகிறோம். 1833ல் கல்கத்தா பிஷப் டேனியல் வில்சன் ஆங்கிலிக்கன் சபையில் சாதி கூடாதென்று உத்தரவிட்டதையும் மறக்கவில்லை. தஞ்சையில் பலர் சபையை விட்டார்களே ஒழிய, சாதியை விடவில்லை. ஆனால் சுவருக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்தவன் விசுவாசப் பிரமாணத்தை ஒரு சொல் பிசகாமல் சொன்னதனால், அவன் சுத்த வைதீகன். சுவரை ஒப்புக்கொண்டு பிரமாணத்தைச் சொன்னவனுக்கு மோட்சம், பிரமாணத்தைச் சந்தேகித்துச் சுவரை வெறுத்தவனுக்கு நரகம் என்றால், இந்தக் காவல் எதற்கான காவல்?

இப்படிச் செய்ய முடியாது, சமூக வழக்கம் வேறு, கோட்பாடு வேறு என்று சொல்லித் தப்ப முடியாது. 1982ல் ஒட்டாவா நகரத்தில் கூடிய உலக சீர்திருத்தச் சபைகளின் கூட்டணி, தென்னாப்பிரிக்க நிறபேதம் பாவமென்றும், அதற்கு வேதத்திலிருந்து ஆதாரம் காட்டுவது பேதகமென்றும் தீர்மானித்தது. அந்நாட்டு வெள்ளையர் சபைகள் இரண்டை அங்கத்தினர் உரிமையிலிருந்து நிறுத்தியும் வைத்தது. இது கால்வின் வழியில் வந்த சபைகள் செய்த காரியம். மனம் வைத்தால் முடியும் என்பதற்கு அதுவே சாட்சி. செர்வீட்டஸைப் பிடிக்க எட்டு மாதம் ஆகவில்லை. மனிதனைப் பிரிப்பது பேதகம் என்று கண்டுபிடிக்க நானூறு வருஷத்துக்குமேல் ஆகியிருக்கிறது.

இதைப் படித்துவிட்டு நம் சைவ மெய்யன்பர்கள் கை தட்ட வேண்டாம். எண்ணாயிரம் சமணர் கழுவேறியதைப் பெரியபுராணம் பெருமையோடு சொல்லுகிறது. காவற்காரன் உடை வேறு. கையில் இருக்கும் தடி ஒன்றுதான்.

கிறிஸ்தவ வாலிபர்களுக்கு நாம் சொல்லுவது சொற்பம். இனிமேல் உங்கள் பாதிரியார் ஒரு கருத்தைப் பேதகம் என்று கண்டித்தால், மரியாதையாக எழுந்து நின்று இவற்றைக் கேளுங்கள். ஐயா, இந்தக் கருத்தினால் எந்த மனிதனுக்கு என்ன கெடுதி? நம் கல்லறைத் தோட்டத்தில் சாதிக்கொரு பக்கம் உண்டானால் அது பேதகமா, இல்லையா? சர்வ வல்லமையுள்ளவருக்கு உங்கள் காவல் எதற்கு? இந்த மூன்றுக்கும் யோக்கியமான பதில் எந்தப் பாதிரியாராவது எழுதி அனுப்பினால், ஓர் எழுத்தும் குறைக்காமல், ஒரு சொல்லையும் இடம் மாற்றாமல், இப்பத்திரிகையில் வெளியிடக் காத்திருக்கிறோம்.